ரிக்கி நெல்சனைத் தொகுத்தவர்கள்

அமெரிக்கப் பாடகர் ரிக்கி நெல்சனின் பெயரைச் சொல்லி விற்ற முதல் தொகுப்பே வாங்கியவர்களுக்குச் செய்த அநியாயம். 1957-இல் வெர்வ் நிறுவனம் ‘டீன் டைம்’ என்றொரு எல்.பி. வெளியிட்டது. அட்டை அவரை முன்னிறுத்தியது. உள்ளே அவர் பாடியவை மூன்று பாட்டுகள்தான். மற்றவையெல்லாம் அந்த நிறுவனத்தின் வேறு கலைஞர்களுடையவை. பதினேழு வயது நெல்சன் அதற்குள் ராயல்டித் தகராறில் வெர்வை விட்டு இம்பீரியலுக்குப் போய்விட்டார். கையில் மிஞ்சிய மூன்று பதிவுகளில் கறக்க முடிந்தவரை கறந்தது பழைய நிறுவனம். 1963-இல் அவர் டெக்காவுக்கு மாறிய காலத்தில் இம்பீரியலும் இதே வழியில் நடந்தது. முதலில் ‘பெஸ்ட் செல்லர்ஸ்’, பிறகு ‘மில்லியன் செல்லர்ஸ்’. எந்த அளவுகோலால் பாட்டுகளைப் பொறுக்கினார்கள் என்பதைத் தலைப்புகளே சொல்லிவிடுகின்றன.

1985 டிசம்பர் 31 அன்று டெக்சஸில் நடந்த விமான விபத்தில் நெல்சன் இறந்தார். அதன்பிறகு அவரைக் கேட்க வருகிற எவருக்கும் நெல்சன் என்பது ஏதோவொரு தொகுப்புதான். அவர் அசல் ராக்கபிலிக்காரரா, தொலைக்காட்சி உருவாக்கிய அழகுப் பையனா என்ற பழைய வழக்கில் தீர்ப்பு எழுதுவதும் பெரும்பாலும் தொகுப்புதான். ஆகவே இந்தத் தொகுப்புகளைக் கொஞ்சம் கண்டிப்பாகவே எடைபோட வேண்டியிருக்கிறது.

தொலைக்காட்சிக் குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட முடியாது. பெற்றோரும் அண்ணனும் தங்களாகவே நடித்த ‘தி அட்வெஞ்சர்ஸ் ஆஃப் ஓஸி அண்ட் ஹாரியட்’ தொடரில் வளர்ந்த பையன் அவர். 1957 ஏப்ரலில் அந்தத் தொடரின் ஓர் அத்தியாயத்தில் ஃபேட்ஸ் டாமினோவின் ‘ஐ'ம் வாக்கின்’ பாட்டைப் பாடினார். அடுத்து இசைத்தட்டு வந்தது, விற்றுத் தீர்ந்தது. நாடு முழுக்க வீட்டுக் கூடங்களில் வந்து பாட அவருக்குக் கிடைத்த வாய்ப்பு அவர் வயதுப் பாடகர்கள் யாருக்கும் கிடைக்கவில்லை. ஆனால் பாட்டு எத்தனை பேரை எட்டியது என்பதற்குத்தான் தொலைக்காட்சி விளக்கமாகும். பாட்டு எப்படி ஒலித்தது என்பதற்கு ஆகாது. மெம்ஃபிஸ் சன் நிறுவனத்தில் கார்ல் பெர்கின்ஸ் போட்ட தட்டுகளில் மயங்கிக் கிடந்தவர் நெல்சன். லூசியானாவிலிருந்து வந்த பதினெட்டு வயது ஜேம்ஸ் பர்ட்டனைக் கிதாருக்கு வைத்துக்கொண்டார். ஜேம்ஸ் கர்க்லண்ட் பாஸ் வாசித்தார், ரிச்சி ஃப்ராஸ்ட் டிரம்ஸ். பாட்டுகள் மெம்ஃபிஸின் டார்சி பர்னெட், ஜானி பர்னெட் சகோதரர்களிடமிருந்தும் பேக்கர் நைட்டிடமிருந்தும் வந்தன. நடிக்க வந்த பையனுக்கு இந்தத் தேர்வுகள் தேவைப்பட்டிருக்காது.

அப்படியானால் நெல்சனின் தனித்தன்மை எங்கே இருக்கிறது? குரலின் வலிமையில் இல்லை. ஜெரி லீ லூயிஸின் ‘ஹோல் லாட்டா ஷேக்கின்’ பாட்டை முதல் எல்.பி.யில் அவர் பாடியிருப்பதைக் கேட்டால் குரலின் எல்லை உடனே பிடிபடும். லூயிஸிடம் இருந்த வெறி இவரிடம் வராது. வேகப் பாட்டோ மெதுவான பாலடோ, குரலை உயர்த்தாமல், எதையும் துரத்தாமல், தாளத்துக்குள் நிம்மதியாக நிற்பதுதான் அவர் திறமை. சுற்றிலும் வாத்தியங்கள் கொதிக்கும்போதும் அவர் பதறமாட்டார். இந்த நிதானம்தான் வேகப் பாட்டில் மிடுக்காகவும் மெதுவான பாட்டில் துயரமாகவும் நமக்குக் கேட்கிறது. இரண்டுக்கும் ஒரே குரல், ஒரே அணுகுமுறை. ராக்கபிலிப் பாடகர் நெல்சன், பாலட் பாடகர் நெல்சன் என்று இரண்டு பேர் கிடையாது.

இதை விளக்க ஒரே ஒரு தட்டு போதும். 1958-இல் வந்த 45 சுழற்சித் தட்டு. ஒரு பக்கம் ‘லோன்சம் டவுன்’, மறுபக்கம் ‘ஐ காட் எ ஃபீலிங்’. இரண்டையும் எழுதியவர் பேக்கர் நைட். முதல் பாட்டில் டிரம்ஸே இல்லை. ஒரு கிதார், பின்னணியில் ஜோர்டனேர்ஸ் குழுவின் குரல்கள், நடுவில் ஏறாமல் இறங்காமல் செல்கிற நெல்சன். தட்டைத் திருப்பினால் டிரம்ஸும் பாஸும் துள்ளுகின்றன, ஆனால் குரல் முந்தைய பக்கத்தில் நின்ற அதே இடத்தில்தான் நிற்கிறது. இரண்டு பக்கங்களும் பில்போர்டின் முதல் பத்துக்குள் வந்தன. அடுத்த ஆண்டும் இப்படியே: ‘நெவர் பி எனிவன் எல்ஸ் பட் யூ’ ஒரு பக்கம், டார்சி பர்னெட் எழுதிய ‘இட்ஸ் லேட்’ மறுபக்கம், பிறகு ‘ஸ்வீட்டர் தேன் யூ’வும் ‘ஜஸ்ட் எ லிட்டில் டூ மச்’சும். 1961-இல் ‘டிராவலின் மேன்’ தட்டின் பின்பக்கம் ஜீன் பிட்னி எழுதிய ‘ஹலோ மேரி லூ’. சிறுவர் சிறுமியர் காசு கொடுத்து வாங்கியது இந்த ஜோடியைத்தான். ஒரு பக்கத்தைக் கேட்டு முடித்தால் கை தானாகவே மறுபக்கத்தைத் திருப்பும். நெல்சனின் கலைக்கு அடிப்படை அலகு எல்.பி. அல்ல, இந்த இரட்டைப் பக்கத் தட்டுதான் என்பது என் கருத்து. எந்தத் தொகுப்பையும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: பக்கங்களைச் சேர்த்து வைத்திருக்கிறாயா, பிரித்துவிட்டாயா?

பிரித்தவர்களில் நல்லெண்ணம் கொண்டவர்களும் உண்டு. லண்டனின் ஏஸ் நிறுவனம் வெளியிட்ட ‘ராக்கின் வித் ரிக்கி’ அப்படிப்பட்டது. அழகுப் பையன் என்ற பழியைத் துடைக்க வேண்டுமென்ற நோக்கம் அதில் தெரிகிறது. பாலடுகளை ஒதுக்கிவிட்டு, வேகப் பாட்டுகளை மட்டும் அடுக்கியிருக்கிறார்கள். பர்ட்டனின் கிதாரைக் கற்க நினைப்பவருக்கு இது பொக்கிஷம். ஆனாலும் தொகுப்பாக இது தோற்கிறது என்றே சொல்வேன். வேகப் பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது கேட்பவர் மனம் அவரை லூயிஸோடும் ஜீன் வின்சென்டோடும் ஒப்பிடத் தொடங்கிவிடுகிறது. அந்தப் பந்தயத்தில் நெல்சன் ஓடவே இல்லை. இந்தத் தொகுப்பு அவரை வலிய இழுத்துவந்து நிறுத்துகிறது. நிதானம் என்ற குணம் பக்கத்தில் பாலட் இருக்கும்போது நிதானமாகத் தெரியும். இல்லாதபோது சக்திக் குறைவாகத் தெரியும். ஆதரவாளர்களே வழக்கைப் பலவீனப்படுத்திய கதை இது.

எதிர்த்திசையில் இழுத்தவை எண்ணற்றவை. ‘லோன்சம் டவுன்’ 1994-இல் ‘பல்ப் ஃபிக்ஷன்’ படத்தில் ஒலித்த பிறகு புதிய தலைமுறைக்கு நெல்சன் என்றால் அந்த ஒரு சோகப் பாட்டுதான். அதைச் சுற்றி மெதுவான பாட்டுகளைக் கோத்து ‘பதின்ம வயதினரின் கனவு நாயகன்’ என்ற பாணியில் வந்த வட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. தொடர்ச்சியாக அரை மணி நேரம் கேட்டால் எல்லாம் ஒரே பாட்டாகக் கரைந்துபோகும்.

வெற்றிப் பட்டியலை மட்டும் நம்பும் தொகுப்புகள் இவற்றைவிட மேல். காரணம் வேடிக்கையானது: நெல்சனின் இரண்டு பக்கங்களும் பல சமயம் ஒன்றாகவே வெற்றி பெற்றன, ஆகவே வெற்றிகளைப் பொறுக்கினாலே ஜோடிகள் தற்செயலாகச் சேர்ந்துவிடுகின்றன. கேபிடல் நிறுவனம் 2005-இல் வெளியிட்ட ஒற்றை வட்டு ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ இதற்கு நல்ல உதாரணம். முதன்முதலாகக் கேட்பவருக்குக் கொடுக்கத் தகுந்தது. அதன் குறை, வெற்றி என்ற அளவுகோலுக்கே உரிய குறை. ‘புவர் லிட்டில் ஃபூல்’ 1958 ஆகஸ்ட் 4 அன்று வந்த முதல் ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்தது; எந்தத் தொகுப்பும் அதை விடாது. நெல்சனுக்கோ அந்தப் பாட்டு ஒற்றைத் தட்டாக வருவதில் விருப்பமில்லை. ஷாரன் ஷீலி எழுதிய நல்ல பாட்டுதான் அது, மறுக்கவில்லை. ஆனால் ‘மில்க் கவ் ப்ளூஸ்’ போன்ற மறுபக்கங்களில்தான் அவரும் குழுவும் யாருக்காகவும் இல்லாமல் தங்களுக்காக வாசித்தார்கள். பட்டியலை நம்புகிறவர் கைக்கு இவை எளிதில் வருவதில்லை.

அடுத்து, வாங்கவே கூடாதவற்றைப் பற்றி. மூலப்பதிவுகள் நிறுவனங்களின் கையில் இருந்ததால், பல பழைய கலைஞர்களைப் போல நெல்சனும் தன் வெற்றிப் பாட்டுகளை மறுபடி பாடிப் பதிவு செய்தார். ‘ஆல் மை பெஸ்ட்’ என்று 1985-இல் வந்த தொகுப்பு அது. அதைக் குற்றம் சொல்ல மாட்டேன்; நாற்பத்தைந்தை எட்டிய மனிதர் தன் இளமைக் காலப் பாட்டுகளைத் திரும்பத் தொடுகிறார், குரலும் கெட்டுப்போகவில்லை. தவறு, அந்த மறுபதிவுகளை எடுத்துப் பதின்ம வயதுப் படத்தை அட்டையில் ஒட்டி, எப்போது பதிவானது என்று எங்கும் சொல்லாமல் விற்பவர்களுடையது. பதினெட்டு வயது நெல்சனும் பர்ட்டனும் ஹாலிவுட்டின் மாஸ்டர் ரெகார்டர்ஸ் அரங்கில், பன்னி ராபின் ஒலிப்பதிவில் கொண்டுவந்த அந்த எதிரொலியும் இறுக்கமும் அந்தப் பிற்காலப் பதிவுகளில் கிடையாது. ‘டீன் டைம்’ செய்த அநியாயத்துக்கு நேர் வாரிசு இது.

இன்னொரு வெள்ளம் ஐரோப்பாவிலிருந்து வருகிறது. அங்கே ஒலிப்பதிவு உரிமைக் காலம் நெடுங்காலம் ஐம்பது ஆண்டுகளாக இருந்தது. பிறகு அதை எழுபதாக நீட்டினார்கள்; ஆனால் 1962 வரையிலான பதிவுகளுக்கு அந்த நீட்டிப்பு பொருந்தவில்லை. நெல்சனின் சிறந்த ஆண்டுகள் 1957 முதல் 1962 வரை. அவர் வாழ்வின் சாரம் முழுவதும் அங்கே யார் வேண்டுமானாலும் அச்சிடக்கூடிய சரக்காகிவிட்டது. நான்கு எல்.பி., எட்டு எல்.பி. என்று மலிவு விலையில் கட்டுக்கட்டாக வருகிறவை இவைதாம். மூல நாடாவைத் தேட வேண்டிய கட்டாயம் இவர்களுக்கு இல்லை. யார் வாசித்தார்கள், எங்கே பதிவானது என்ற விவரம் பெரும்பாலானவற்றில் இருப்பதில்லை. பர்ட்டனின் பெயர்கூட இல்லாத நெல்சன் தொகுப்பைப் பணம் மிச்சம் என்பதற்காக வாங்குவது எனக்கு உவப்பானதல்ல.

ஒலி பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடலாம். ஆரம்பகாலப் பதிவுகள் மோனோ. ஸ்டீரியோ மோகம் பரவிய அறுபதுகளில் அவற்றை மின்னணு முறையில் இரண்டாகப் பிரித்துப் போலி ஸ்டீரியோவாக வெளியிட்டார்கள். டிரம்ஸின் விளிம்பு மழுங்கி, குரல் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலாகிவிடும். பழைய எல்.பி. தேடுபவர்கள் அட்டையில் ஸ்டீரியோ என்ற சொல்லைப் பார்த்து மயங்கவேண்டாம். அந்த ஆண்டுகளுக்கு மோனோதான் சரியான பிரதி.

எஞ்சுபவை இரண்டு பெட்டிகள். கேபிடல் 2000-இல் வெளியிட்ட நான்கு வட்டு ‘லெகஸி’, ஜெர்மனியின் பேர் ஃபேமிலி 2001-இல் வெளியிட்ட ஆறு வட்டு ‘தி அமெரிக்கன் ட்ரீம்’. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான நம்பிக்கையில் கட்டப்பட்டவை. வெர்வ், இம்பீரியல், டெக்கா எனப் பல நிறுவனங்களில் சிதறிக் கிடந்ததை ‘லெகஸி’ முழு வாழ்க்கையாகக் கோக்கிறது. ‘ரிக்கி’ என்ற பெயரை இருபத்தொரு வயதில் ‘ரிக்’ என்று சுருக்கிக்கொண்டவர், 1971-இல் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் பழைய பாட்டு கேட்ட கூட்டத்தின் கூச்சலுக்கு அடுத்த ஆண்டு ‘கார்டன் பார்ட்டி’ பாட்டில் பதில் சொன்னவர், அவரை முழு மனிதராகப் பார்க்க இது தேவை. கன்ட்ரி ராக் இசைக்கு அவர் வந்து சேர்ந்த வழியும் இதில்தான் புரிகிறது. ஆனால் நான்கு வட்டுகளில் ஒரு வாழ்க்கையை அடக்கும்போது இளமைக்கு இடம் குறைகிறது. இளமையில் முதலில் வெட்டுப்படுவது பின்பக்கப் பாட்டுகள்.

‘தி அமெரிக்கன் ட்ரீம்’ வெர்வ், இம்பீரியல் ஆண்டுகளோடு நின்றுகொள்கிறது. அந்த எல்லைக்குள் எதையும் விடுவதில்லை. உடன் ஒரு தடித்த புத்தகமும் வருகிறது. இதற்கு எதிரான வாதம் வலுவானது. எல்லாம் என்றால் ‘மோர் சாங்ஸ் பை ரிக்கி’ எல்.பி.யின் ‘டைம் ஆஃப்டர் டைம்’, ‘மேக் பிலீவ்’ போன்ற பழைய நாடக, திரைப்பாட்டுகளும்தான். சினாட்ரா பாணிக்கு எட்டிப் பார்க்கும் இந்தப் பாட்டுகளில் அவர் குரல் காலியாக ஒலிக்கிறது. இவற்றைக் கேட்டால் சிலர் முழுப் பாடகரையே தள்ளிவிடக்கூடும். விலையும் சாதாரணக் கேட்பாளருக்கு எட்டாதது.

இருந்தும் என் வாக்கு இதற்குத்தான். பின்பக்கங்கள் ஒன்றுவிடாமல் இருப்பதால் ஜோடிகளை மறுபடி சேர்த்துக் கேட்க முடிகிறது. ‘ஸ்டூட் அப்’ பாட்டில் ஜோ மேஃபிஸின் கிதார். சில மாதங்களில் ‘பிலீவ் வாட் யூ சே’ வரும்போது அந்த இடத்தில் பர்ட்டன், மொத்தக் குழுவும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறது. ஒரு பையன் தன் ஒலியைக் கண்டடைவது இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. பொறுக்கி எடுத்த தொகுப்பில் அது வெறும் இரண்டு வெற்றிப் பாட்டுகள். தோல்விகளும் வழக்குக்கு உதவுகின்றன. ‘டைம் ஆஃப்டர் டைம்’ பாட்டில் அவர் நிதானம் வேலை செய்யவில்லை, ‘லோன்சம் டவுன்’ பாட்டில் செய்கிறது என்றால், ‘லோன்சம் டவு’னில் நடப்பது குரல் குறைபாடு அல்ல, தேர்ந்தெடுத்த அடக்கம் என்று ஆகிறது. வெற்றிகளை மட்டும் கேட்டவரால் இதை நிறுவ முடியாது.

ஆகவே வரிசை இப்படி: ‘தி அமெரிக்கன் ட்ரீம்’ முதலிடம், ‘லெகஸி’ இரண்டாமிடம், பணமும் நேரமும் குறைவானவர்களுக்கு 2005-இன் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’. ‘ராக்கின் வித் ரிக்கி’ இவற்றில் ஒன்றையேனும் கேட்டு முடித்தவர்களுக்கு மட்டும். மறுபதிவு என்பதை மறைத்து விற்கும் எதுவும் எந்த விலைக்கும் வேண்டாம்.