அடுத்த வாரம் வரை: தொடர்கதையின் பலமும் பலவீனமும்

தமிழில் நாவல் வாசிப்பு பெரும்பாலும் பத்திரிகை வழியாக வளர்ந்த பழக்கம். பி.ஆர். ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’யில் பகுதி பகுதியாக வந்த பிறகே புத்தகமாயிற்று. அரை நூற்றாண்டு கழித்து ஆனந்த விகடனும் கல்கியும் குமுதமும் அந்தப் பழக்கத்தை வீடுவீடாகக் கொண்டுபோயின. ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாத பெரியவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். வாரவாரம் வந்த பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து பாதுகாத்தார்கள். இந்த வாசிப்புக்கெல்லாம் விசையாக இருந்தது ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் விழுந்த முடிச்சு.

அந்த முடிச்சை க.நா.சு. முதலான விமர்சகர்கள் வணிகத் தந்திரமாகவே பார்த்தார்கள். தொடர்கதையின் ரசிகர்களோ அதுவே கதை சொல்லும் கலையின் உச்சம் என்றார்கள். முடிச்சு இருக்கிறதா இல்லையா என்பதைவிட, அது எதைப் பற்றியது என்று கேட்பதே பயன் தரும். ‘அடுத்து என்ன நடக்கும்?’ என்பது ஒருவகைப் பதற்றம். விடை தெரிந்ததும் அது தீர்ந்துவிடும். ‘இந்த நிலையில் இந்த மனிதர் என்ன செய்வது நியாயம்?’ என்பது இன்னொரு வகை. முடிவு தெரிந்த பிறகும் அது வாசகரை விடாது. தொடர்கதை இரண்டையும் வளர்க்கக்கூடிய வடிவம். ஆனால் வாரக்கெடு முதல் வகையின் பக்கமே எழுத்தாளரைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

1950 அக்டோபர் முதல் 1954 மே வரை ‘கல்கி’ இதழில் எழுத்தாளர் கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ இந்த இரண்டு பக்கங்களையும் தெளிவாகக் காட்டுகிறது. சோழ இளவரசன் அருள்மொழிதான் பின்னால் ராஜராஜன் ஆகப்போகிறான் என்பதை வாசகர் முதல் வாரமே அறிவார். முடிவு தெரிந்த கதையில் மூன்றரை ஆண்டுகள் ஆர்வம் குன்றாமல் வைத்திருந்தது சாதாரணத் திறமை அல்ல. கைக்கு எட்டிய மணிமுடியை ஒருவன் ஏன் இன்னொருவன் தலையில் சூட்டுகிறான் என்ற கேள்வியை நோக்கிக் கல்கி ஐந்து பாகங்களையும் நகர்த்தினார். அது இரண்டாம் வகைப் பதற்றம். அதனால்தான் கதை தெரிந்தவர்களும் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள்.

அதே நாவலில் வாரக்கெடுவின் தழும்புகளும் நிறைய உண்டு. சுரங்கப்பாதைகள், ஒட்டுக்கேட்டல்கள், வெள்ளத்தில் சிக்கிப் பிழைத்தல்கள் என ஒரே உத்தி பலமுறை வருகிறது. தொடராகப் படித்தவருக்கு நடுவில் ஒரு வாரம் இருந்தது. புத்தகமாகப் படிப்பவருக்கு இந்தத் திரும்பல்கள் அலுப்பூட்டும்.

இதைவிடப் பெரிய இழப்பு வரலாற்றின் பக்கம் நேர்ந்தது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் நிலங்களைப் பறிமுதல் செய்ததைச் சொல்லும் உடையார்குடிக் கல்வெட்டு, அவனுடைய 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கொலைக்கும் அதற்கும் இடையில் உத்தம சோழன் முழுமையாக ஆண்டு முடித்துவிட்டான். தண்டனை ஏன் அவ்வளவு தாமதித்தது? நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மீது சந்தேகம் கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். இது இன்றும் விவாதிக்கத் தக்க கேள்வி. கல்கி அதை ஒரு குழந்தை மாற்றத்தால் கடந்துவிடுகிறார். சதிகாரர்கள் அரியணைக்கு முன்னிறுத்திய இளவரசன் மதுராந்தகன் வேறு ஆளாகிவிட, உண்மையான உத்தம சோழன் சேந்தன் அமுதனாக, மாசற்றவனாக அரியணை ஏறுகிறான். கொலை யார் கையால் நடந்தது என்பதைக் கல்கி இருட்டில் விட்டது நல்ல கலைமுடிவு. ஆனால் கல்வெட்டு எழுப்பிய அரசியல் கேள்வி மங்கி, அவர் கற்பனையில் பிறந்த நந்தினியின் பழிவாங்கலே வாசகர் நினைவில் நிலைத்தது. நந்தினியை வரலாற்றுப் பாத்திரம் என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கதையின் பதற்றம் வரலாற்றின் பதற்றத்தை விழுங்கிவிட்டது.

வாரப் பத்திரிகையில் ஆழமான நாவல் சாத்தியமே இல்லை என்பதும் தவறு. தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ 1950களில் ‘சுதேசமித்திர’னில் தொடராக வந்ததுதான். அதில் துரத்தலும் சதியும் இல்லை. தன்னைவிட மூத்த யமுனாவின் மேல் பாபு கொண்ட மோகமும், சங்கீதம் அவனிடம் கேட்கும் ஒழுக்கமும் ஒருவனுக்குள்ளேயே மோதுகின்றன. அந்த மோதலைத் தொடர வாசகர் வாரக்கணக்கில் காத்திருந்தார்.

சமூகத்தோடு தொடர்கதை கொண்ட உறவுக்கு ஜெயகாந்தனே பெரிய சாட்சி. 1966இல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில், மழை நாளில் முன்பின் தெரியாதவனின் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டு வந்த மகளைத் தாய் தலையில் நீர் ஊற்றித் தூய்மையானவள் என்று ஏற்றுக்கொள்கிறாள். கடும் எதிர்ப்பு எழுந்தது. ஜெயகாந்தன் பின்வாங்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அந்தத் தாய் ஏற்காமல் ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்ற கேள்வியோடு தினமணி கதிரில் ‘காலங்கள் மாறும்’ தொடரை எழுதினார். அதுவே 1970இல் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்ற நூலாகி, 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கண்டித்தவர்கள் கேட்ட முடிவையே எழுதி, அதன் கொடுமையை நாவலின் நாயகி கங்காவின் வாழ்க்கையாக அவர்கள் முன் வைத்தார். சமூகத்தின் பதற்றத்தை இலக்கியம் இவ்வளவு நேர்மையாக எதிர்கொண்ட தருணங்கள் குறைவு.

அதே வாசல் வழியாக மிரட்டலும் வந்தது. 1857 கிளர்ச்சியைப் பின்னணியாகக் கொண்டு சுஜாதா குமுதத்தில் தொடங்கிய ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’ சாதி அடிப்படையிலான எதிர்ப்பால் நிறுத்தப்பட்டது. பிறகே ‘ரத்தம் ஒரே நிறம்’ வந்தது. அச்சேறி முடிந்த நூலைத் தடை செய்தாலும் நூல் இருக்கும். பாதியில் இருக்கும் தொடரையோ முழுதாகப் பிறக்கும் முன்பே நிறுத்திவிடலாம். கதையின் போக்கை முழுதாகப் பார்க்காமலேயே ஓர் அத்தியாயத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் உரிமையை இந்த வடிவம் கூட்டத்திடம் கொடுத்துவிடுகிறது.

இரண்டு நிகழ்வுகளுக்கும் உள்ள வேறுபாடு கவனிக்கத் தக்கது. சுஜாதாவுக்குத் தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே எதிர்ப்பு வந்தது. ஜெயகாந்தனோ தன் பதிலை ஒரு படைப்புக்கும் அடுத்த படைப்புக்கும் நடுவே யோசித்து உருவாக்கினார். வாசகர் கடிதங்களுக்கேற்ப அத்தியாயத்தை மாற்றி எழுதுவது வேறு. வாசகரின் கோபத்தைப் புதிய கேள்வியாக்குவது வேறு. முன்னதில் எழுத்தாளர் பணிகிறார். பின்னதில் வாசகரோடு வாதிடுகிறார்.

இன்று முடிச்சுப் போடும் வேலையைத் தொலைக்காட்சித் தொடர்கள் எடுத்துக்கொண்டன. அவற்றில் முடிச்சு தினமும் விழுகிறது. யோசிக்க இடைவெளி இல்லை. எல்லாப் பகுதிகளையும் ஒரே நாளில் வெளியிடும் இணையத் தொடர்களிலோ இடைவெளியே இல்லை. தொடர்கதையின் உண்மையான கொடை அந்த ஒரு வாரம்தான் என்பது இப்போது புரிகிறது. வீட்டிலும் அலுவலகத்திலும் பாத்திரங்களின் நியாய அநியாயங்களைப் பற்றிப் பேச அது அவகாசம் தந்தது.

ஆகவே தொடர்கதை மீண்டும் வர வேண்டும் என்றே விரும்புகிறேன். பழைய விதிகளோடு அல்ல. எழுதி முடித்த பிரதியைப் பத்திரிகை வாங்கட்டும். எத்தனை வாரம் என்பதை முதலிலேயே அறிவிக்கட்டும். விற்பனைக்காக நீட்டும் ஆசை அப்போது அடங்கும். வெளியிலிருந்து மிரட்டல் வந்தால், முழுப் பிரதியைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியர் துணிந்து நிற்க முடியும். வாசகருக்கு வார இடைவெளி அப்படியே கிடைக்கும். அந்த ஏழு நாளும் வாசகர் எதைப் பற்றி விவாதிக்கிறார் என்பதை வைத்தே இனி ஒரு தொடர்கதையின் தரத்தை அளக்க வேண்டும்.