சித்திர சபையும் கைபேசித் திரையும்

சிதம்பரம், மதுரை, திருவாலங்காடு, திருநெல்வேலி, குற்றாலம் என்று நடராசரின் சபைகள் ஐந்து. முதல் நான்கிலும் ஆடுகிறவருக்கு விக்கிரகம் உண்டு. குற்றாலத்துச் சித்திர சபையில் அவர் சுவரோவியமாகவே ஆடுகிறார். இங்கே படம்தான் மூலவர். அசல்/பிம்பம் என்னும் எதிர்வைக் கோட்பாட்டாளர்கள் கலைத்துப்போடுவதற்கு வெகுகாலம் முன்பே, நம்மாட்கள் மூலிகை வண்ணத்தின் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கைபேசியை உயர்த்தினால் எதிரே உள்ள காட்சியின்மேல் இல்லாத உருவம் வந்து உட்காருகிறது. ஆக்மென்டட் ரியாலிட்டி என்கிறார்கள். 'கூட்டிய யதார்த்தம்' எனலாம். இது நம் பார்வையைக் கெடுத்துவிட்டது என்ற புலம்பலில் எனக்கு உடன்பாடில்லை. கலப்படமில்லாத பார்வை நமக்கு எப்போ இருந்தது?

திரிகூடராசப்பக் கவிராயரின் 'திருக்குற்றாலக் குறவஞ்சி'யைப் படித்தவர் இந்த மலையை வெறும் மலையாகப் பார்க்க முடியாது. சாரலில் நிற்கும்போதே கவிராயரின் குரங்குகள் வந்துவிடும். ரசிகமணி டி.கே.சி. இங்கே குடியிருந்து, வந்தவர்களுக்கெல்லாம் கவிதையை ருசிக்கக் கற்றுக்கொடுத்தார். மலைமேல் ஒரு பிரதி, பிரதிமேல் ஒரு ரசனை.

அந்தப் பிரதியும் அப்பாவி இல்லை. தன் மலையின் பெருமையைக் குறத்தி பேசுகிறாள், சொல் கவிராயருடையது. மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் கொடுத்த 'குறவஞ்சி மேடு' நிலமும் கவிராயருக்கே போயிற்று. குறத்திக்கு எந்த மேடும் இல்லை.

ஆக, யார் கூட்டுகிறார், யாருடைய இடத்தில் கூட்டுகிறார் என்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது.

2016 செப்டம்பரில் குஜராத் உயர்நீதிமன்றத்துக்கு ஒரு பொதுநல வழக்கு வந்தது. 'போக்கிமான் கோ' விளையாட்டு வழிபாட்டுத் தலங்களில் முட்டைகளைக் காட்டுகிறது என்பது புகார். மனம் புண்படும் அரசியலோடு எனக்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் அதற்குள் நியாயமான ஒரு கேள்வி சிக்கிக் கிடக்கிறது: ஊரைக் கேட்காமல் ஊர்மேல் தன் சரக்கை வைக்க ஒரு கம்பெனிக்கு யார் உரிமை கொடுத்தது? அதை உருவாக்கிய நியான்டிக், ஆட்டக்காரர்கள் படம்பிடித்து அனுப்பிய இடப்பதிவுகளைக்கொண்டு உலகின் வடிவ மாதிரி ஒன்றைப் பயிற்றுவிப்பதாக 2024இல் சொன்னது. சித்திர சபைச் சுவர் நம்மைப் பார்த்துக் குறிப்பெடுத்ததில்லை. இந்தத் திரை எடுக்கிறது.

கவிராயரோடு மல்லுக்கு நிற்கலாம். பிரதி நம் கையில் இருக்கிறது. குறத்தியின் பக்கம் நின்று மாற்றி வாசிக்கலாம், மாற்றி எழுதவும் செய்யலாம். கம்பெனியின் பிரதியோ அதன் கணினிக்குள் பூட்டிக் கிடக்கிறது. ஐந்தருவி ஓரத்தில் ஒரு விளம்பரத் தட்டி நின்றால் பிடுங்கிப் போடலாம். அருவிமேல் மிதக்கிற தட்டியை எந்தக் கையால் பிடுங்குவது?