மாணவர் எழுதும் செய்தியும் மதிப்பீட்டு அளவையும்

ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில், நாளிதழுக்கு எழுதுவது போல் ஒரு செய்தியை எழுதிவருமாறு மாணவரைப் பணிப்பது நல்ல மொழிப்பயிற்சியாகும். அப்பயிற்சியின் பயன் ஆசிரியர் அதனை மதிப்பிடும் முறையைப் பொறுத்தே அமையும். தமிழ்நாட்டில் 2012-13ஆம் கல்வியாண்டில் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு முப்பருவ முறை வந்தபோது, வளரறி மதிப்பீட்டிற்கு 40 மதிப்பெண்ணும் தொகுத்தறி மதிப்பீட்டிற்கு 60 மதிப்பெண்ணும் வகுக்கப்பெற்றன. இத்தகைய எழுத்துப் பணிகளுக்கு அதனால் இடம் கிடைத்தது. அவற்றிற்கு ஏற்ற அளவை யாது என்பதே இனி ஆராய்தற்குரியது. அதனை நம் இலக்கண நூல்களின் துணைகொண்டே வகுத்தல் கூடும் என்பதைக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பள்ளிக் கட்டுரையும் செய்தியும்

பள்ளிக் கட்டுரை முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்னும் மூன்று உறுப்பால் இயல்வது. செய்தியோ, தலையாய பொருளை முதற்கண் வைத்து, ஏனையவற்றைச் சிறப்பின் இறங்குமுறையில் பின் வைப்பது. இடம் போதாதவழி இறுதிப் பத்தியை நீக்கினும் பொருள் கெடாமை இவ்வமைப்பின் பயனாகும்.

பள்ளியில் மரக்கன்று நட்ட நிகழ்ச்சியை இருவர் எழுதுவதாகக் கொள்வோம். ஒரு மாணவன் மரங்களின் பெருமையை ஐந்து வரிகளில் விரித்து, மக்கள் கடல்போல் திரண்டனர் என்றும் விழா இனிதே முடிந்தது என்றும் எழுதுகின்றான். ஒரு மாணவி, வெள்ளிக்கிழமை காலை ஏழாம் வகுப்பினர் 40 வேப்பங்கன்றுகளை நட்டனர் என்றும், கிணற்றில் நீர் குறைந்திருப்பதால் முறைவைத்து நீர் ஊற்றுவர் என்று தலைமையாசிரியர் கூறினார் என்றும் எழுதி நிறுத்துகின்றாள். கட்டுரைக்குரிய அளவையால் நோக்கின் முன்னது சிறக்கும். பின்னது முன்னுரையும் முடிவுரையும் இன்றிக் குறைபடும். செய்திக்குரிய அளவையால் நோக்கின் இம்முடிவு தலைகீழாகும்.

ஆறு வினாக்கள்

யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்னும் ஆறு வினாக்களுக்கு விடையிறுப்பதே செய்தி என்பர் இதழியலார். வினைமுற்று தரும் பொருள்களாக நன்னூல் கூறும் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்னும் ஆறனோடு இவற்றை ஒப்பிடலாம். 'ஏன்' என்பதற்கு அவ்வாறனுள் நேரான இடம் இல்லை. தொல்காப்பியமோ வேற்றுமை மயங்கியலில் தொழில்முதனிலையை எட்டென வகுத்து, 'இது பயன்' என்பதனையும் உடன் எண்ணுகின்றது. 'ஏன்' என்னும் வினாவிற்கு அது நெருங்கிய விடையாகும்.

இவ்வேறுபாடு மதிப்பீட்டிற்குப் பெரிதும் உதவும். யார், எங்கே, எப்போது என்பனவற்றைப் பெரும்பாலும் கண்டே எழுதலாம்; ஏன் என்பதனைப் பிறரிடம் வினவியே எழுதல் வேண்டும். கிணற்றில் நீர் குறைந்த செய்தி அம்மாணவி கேட்டறிந்தது. அவ்வொரு வரி, அணிநலம் வாய்ந்த பத்து வரிகளினும் மதிப்புடையது.

குற்றங்களின் தரம்

நன்னூற் பொதுப்பாயிரம் நூலுக்குப் பத்துக் குற்றமும் பத்து அழகும் கூறும். குற்றங்களுள் குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல் ஆகியன செய்திக்கும் பொருந்துவன. அழகுகளுள் சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல், முறையின் வைப்பு என்னும் மூன்றும் இவ்வயதினர்க்குப் போதும்.

தொல்காப்பிய மரபியல் கூறும் பத்துக் குற்றங்களுள் ஒன்று 'தன்னான் ஒரு பொருள் கருதிக் கூறல்'. நன்னூலின் பத்தினுள் இஃது அப்பெயரால் இல்லை. நூலைக் குறித்துச் சொல்லப்பட்டதாயினும், செய்திக்கு இதனையே தலையாய குற்றமாகக் கொள்ளல் தகும். சிலரே கூடிய கூட்டத்தைக் கடல் என்பது பாட்டில் உயர்வு நவிற்சியாகும், செய்தியில் பொய்யாகும். அதன் ஓரத்தில் 'நல்ல உவமை' என்று குறிக்கும் ஆசிரியர், நடவாததை நடந்ததாக எழுதலாம் என்னும் பாடத்தையும் அறியாமலே புகட்டுகின்றார்.

மொழியாசிரியரின் கடமை மொழியைத் திருத்துவதன்றோ எனின், ஆம். ஆயினும், 'வழூஉச்சொற் புணர்த்தல்' பத்தில் ஒன்றேயன்றி முழுவதும் அன்று. ஒற்றுப்பிழையை அடுத்த படியில் திருத்திக்கொள்ளலாம். அதனை அளக்கப் பிற கட்டுரைப் பணிகளும் உள. மேலும், தோட்டக்காரர் பேசியவாறே அவர் பேச்சை மேற்கோளுள் எழுதினால், அதனைக் கொச்சை என்று அடித்தல் பொருந்தாது. அது சான்றினைச் சிதையாமல் காத்த எழுத்தாகும்.

எனவே, 20 மதிப்பெண்ணாயின், உண்மைக்கும் வினவி அறிந்தமைக்கும் 8, முறைவைப்பிற்கு 5, சுருக்கத்திற்கும் தெளிவிற்கும் 4, மொழித் திருத்தத்திற்கு 3 எனப் பகுக்கலாம். உண்மையை ஆசிரியர் எங்ஙனம் அறிவது எனின், 'இதனை யாரிடம் கேட்டாய்?' என்று ஒவ்வொரு மாணவரையும் வினவுதல் போதிய தொடக்கமாகும். விடை கூற இயலாத வரிகளை மாணவரே அடித்துவிடுமாறு செய்து, அதன்பின் மதிப்பெண் இடுதல் வேண்டும்.

வந்த செய்தியை ஆராயாது பிறர்க்கு அனுப்பும் வசதி சிறுவர் கையிலும் உள்ள காலம் இது. கண்டதற்கும் கேட்டதற்கும் கருதியதற்கும் உள்ள வேறுபாட்டைப் பன்னிரண்டு வயதிலேயே உணர்த்த இப்பயிற்சி நல்வாய்ப்பாகும். அவ்வாய்ப்புப் பயன்படுவதும் வீணாவதும் ஆசிரியர் இடும் மதிப்பெண்ணில் உள்ளன என்பது நம் துணிபு.