சொல்லாமல் விட்டது

'கௌபாய் பீபாப்' என்கிற ஜப்பானியச் சித்திரத் தொடரை நடிகர்களை வைத்து மறுபடியும் எடுத்தார்கள். நெட்பிளிக்ஸ் கம்பெனி அதை 2021 நவம்பர் 19ந் தேதி வெளியிட்டது. டிசம்பர் 9ந் தேதி, இனி இது தொடராது என்று தெரிவித்துவிட்டது. பத்து அத்தியாயங்கள் எடுத்து முடிக்க மூன்று வருஷம் ஆகியிருந்தது. நடுவில் கதாநாயகனுக்கு முழங்காலில் அடிபட்டுப் படப்பிடிப்பு பல மாதம் நின்றும் போயிற்று. கை கழுவுவதற்கு இருபது நாள் போதுமாக இருந்தது.

மறு ஆக்கம் நன்றாக இல்லை என்பதுதான் என் அபிப்பிராயமும். ஆனால் அதற்குப் பலர் சொன்ன காரணங்களை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. ஸ்பைக் வேஷத்துக்கு ஜான் சோவுக்கு வயது அதிகம் என்றார்கள். உடை பொருந்தவில்லை என்றார்கள். ஜான் சோ நன்றாகவே செய்திருக்கிறார். ஜெட்டாக வருகிற முஸ்தபா ஷாகிர் அவரைவிட நன்றாகச் செய்திருக்கிறார். சங்கீதமும் மூலத்துக்கு அமைத்த அதே யோகோ கன்னோ அமைத்ததுதான். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

மூலத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஷினிசிரோ வதனபே டைரக்ட் செய்தது, 26 அத்தியாயங்கள். கதை நடப்பது 2071ஆம் வருஷம். பூமி பாழாகி, மனிதர்கள் மற்றக் கிரகங்களுக்குச் சிதறிவிட்டார்கள். தலைக்கு விலை வைக்கப்பட்ட குற்றவாளிகளைப் பிடித்துக் கொடுத்து வயிறு வளர்க்கிற சிலர் ஓட்டைக் கப்பல் ஒன்றில் சேர்ந்து வாழ்கிறார்கள். சாகசக் கதைதான், ஆனால் பிடிக்கப் போனவன் நழுவிவிடுவான், அல்லது செத்துப் போவான். காசு கையில் நிற்காது. முதல் அத்தியாயத்தில் ஜெட், மாட்டிறைச்சியும் குடைமிளகாயும் என்று பெயர் சொல்லிக்கொண்டு, வெறும் குடைமிளகாயை வதக்கித் தட்டில் போடுகிறார். வறுமையை இத்தனை கூச்சமில்லாமல் சொன்ன சாகசக் கதைகள் அதிகம் இல்லை.

இந்த மனிதர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பழைய காயம் உண்டு. அதைப் பற்றி ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதில்லை. ஸ்பைக்குக்கு ஜூலியா என்று ஒருத்தி இருந்தாள். அவள் நேரில் வருவது கடைசி இரண்டு அத்தியாயங்களில்தான். அதுவரை அவள் ஒரு ஞாபகம். பிறர் வாயில் வந்துபோகிற ஒரு பெயர். ஐந்தாவது அத்தியாயத்தில், பாழடைந்த மாதா கோயில் ஒன்றில் பழைய நண்பனும் இன்றைய விரோதியுமான விஷியஸோடு சண்டையிட்டு, வண்ணக் கண்ணாடி ஜன்னலை உடைத்துக்கொண்டு ஸ்பைக் கீழே விழுகிறான். யாரும் பேசுவதில்லை. மெல்லிய குரல்கள் பாடுகின்றன. ரோஜா, ரத்தம், கட்டுப் போடுகிற ஒரு பெண் என்று துண்டு துண்டாக ஏதேதோ வந்து மறைகின்றன. என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. ஆனால் விழுகிறவன் எதை இழந்தவன் என்று தெரிந்துவிடுகிறது.

மறு ஆக்கத்திலும் மாதா கோயில் இருக்கிறது, ஜன்னலும் இருக்கிறது, ஸ்பைக்கும் விழுகிறான். ஆனால் அதற்குள் விஷியஸும் ஜூலியாவும் எப்படிப் பேசிக்கொள்வார்கள், எதற்காகச் சண்டை போடுவார்கள் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம் ஆகியிருக்கிறது. அவர்களுக்கு அத்தியாயம்தோறும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மூவரின் பூர்வ கதைக்கென்று ஒன்பதாவது அத்தியாயத்தை முழுசாகவே கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது. அதனால், விழும்போது ஓர் ஆள் மட்டுமே விழுகிறான்.

இந்த ஆசை எனக்குத் தெரியாததல்ல. என் நாவல் ஒன்றில், பாதியில் ஊரை விட்டுப் போய்விடுகிற ஒரு பெண் வருகிறாள். அவள் என்ன ஆனாள் என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கேள்வி அவர்களுடைய அன்பு என்று எண்ணிப் பதில் எழுத உட்கார்ந்தேன். நாற்பது பக்கம் ஆயிற்று. படித்துப் பார்த்தபோது அவள் சாதாரணமாகிவிட்டிருந்தாள். கிழித்துப் போட்டேன். மறு ஆக்கத்தைச் செய்தவர்களும் மூலத்தை நேசித்தவர்கள்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நேசிக்கிறவனுக்குத்தான் இடைவெளிகளை நிரப்பக் கை துறுதுறுக்கும்.

வதனபேயின் தீர்ப்பைச் சிலர் எடுத்துக் காட்டுகிறார்கள். சூதாட்ட விடுதியில் நடக்கிற ஆரம்பக் காட்சியைத் தாண்டி அவரால் பார்க்க முடியவில்லையாம்; 2023ல் அவரே ஒரு பேட்டியில் சொன்னார். அவருடைய சங்கடம் புரிகிறது. ஆனால் ஒரு காட்சியோடு எழுந்து போனவரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது விமர்சனம் ஆகாது.

ரத்துச் செய்ததை நான் நியாயம் என்று நினைக்கவில்லை. நாளுக்கு நாள் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கு வைத்துக்கொண்டு, எண்ணிக்கை சரிந்தவுடன் கதவைச் சாத்திவிட்டார்கள். இதே தராசில் மூலத்தை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? விண்வெளிக் கப்பல் பொம்மைகள் விற்கலாம் என்று முதலில் பணம் போட வந்தவர்கள், எடுத்ததைப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டார்கள். 1998 ஏப்ரலில் டிவி டோக்கியோ ஒளிபரப்ப ஆரம்பித்தது. தொலைக்காட்சியில் வன்முறை கூடாது என்று ஜப்பானில் பேச்சு பலமாக இருந்த சமயம். 26ல் 12 அத்தியாயங்களைத்தான் காட்டினார்கள், அதுவும் வரிசையாக இல்லை. அதோடு ஜூன் மாதம் முடித்துவிட்டார்கள். அந்த அக்டோபரில் வவ்வவ் என்கிற சந்தா நிலையம் முழுத் தொடரையும் எடுத்துக் காட்டியிராவிட்டால், 2001ல் அமெரிக்காவில் நள்ளிரவு வேளையில் அது புதிய ரசிகர்களைத் தேடிக்கொண்டிராவிட்டால், இன்று மறு ஆக்கம் செய்ய அங்கே எதுவும் இருந்திராது.

மூலத்துக்குக் கிடைத்த அந்த இரண்டாவது வாய்ப்பு இதற்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் தேறியிருக்குமா என்று கேட்டால், தேறியிருக்கலாம் என்றே சொல்வேன். கடைசிக் காட்சியை வைத்துத்தான் சொல்கிறேன். எல்லோரையும் இழந்து, குடித்துவிட்டுச் சந்தில் விழுந்து கிடக்கிறான் ஸ்பைக். மூலத்தின் ரசிகர்கள் ஒன்பது அத்தியாயங்களாக எதிர்பார்த்திருந்த எட் என்கிற சிவப்புத் தலைமயிர்ச் சிறுமி அப்போதுதான், முதல் தடவையாக, எங்கிருந்தோ வந்து குதிக்கிறாள். அவள் யார், எந்த ஊர் என்று யாரும் விளக்கவில்லை. தலைகால் புரியாமல் கத்திக்கொண்டு அவனை உலுக்கி எழுப்புகிறாள். அவன் கண்ணைத் திறக்கிறான். அத்தோடு நிறுத்திவிட்டார்கள்.