குடலை இட்லிக்கு எத்தனை கலோரி?

பிள்ளையார்பாளையத்தில் என் பக்கத்து வீட்டு அண்ணன் முப்பது வருஷத்துக்கு மேல் பட்டு நெய்கிறவர். வயது ஐம்பத்துநாலு. சர்க்கரை வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒரகடத்தில் வேலை பார்க்கும் பையன், போன தீபாவளிக்கு வந்தபோது அப்பாவுக்குப் புது போன் வாங்கிக் கொடுத்தான். கூடவே ஒரு ஹெல்த் ஆப்பையும் அதில் போட்டுவிட்டுப் போனான். வினை அங்கேதான் ஆரம்பம்.

மறுநாள் சாயங்காலம் போன் 'டிங்' என்றது. இன்றைக்கு நீங்கள் நடந்தது 1,140 அடிதான், எழுந்து நடமாடுங்கள் என்று ஒரு செய்தி. அண்ணன் என்னிடம் எடுத்து வந்தார்.

"என்ன தம்பி இது? காலையில ஏழு மணிக்குத் தறியில இறங்கினவன். நான் என்ன சும்மாவா குந்திக்கினு இருந்தேன்?"

குழித்தறி பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு, விளிம்பில் உட்கார்ந்து நெய்வது அது. கால்கள் குழிக்குள் மிதித்துக்கொண்டே இருக்கும். கை நாடாவை ஓட்டும். ஒவ்வொரு ஊடை இழையையும் நெருக்கி அடிக்கத் தோள் வேலை செய்யும். உடலும் பார்டரும் வேறு வேறு நிறமாக இருக்கும் கோர்வைச் சேலை என்றால் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். அண்ணி உட்காருவார். இவ்வளவும் நடக்கும்போது போன் எங்கே இருந்தது? ஆணியில் மாட்டிய சட்டைப் பையில். அந்தச் சட்டை அன்றைக்கு உழைக்கவில்லை என்பதை ஆப் மிகச் சரியாகக் கணக்கிட்டிருந்தது.

சட்டையைப் போட்டுக்கொண்டே நெய்திருந்தாலும் பெரிய வித்தியாசம் வந்திருக்காது. போனுக்குள் இருக்கும் சென்சார், நடக்கும்போது உடம்பு குலுங்குவதை வைத்துத்தான் அடி எண்ணுகிறது. குழிக்குள் கால் மிதிப்பது அதற்குத் தெரியாது.

இதைச் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் அண்ணன் விடவில்லை. உழைப்பைத்தான் குறைத்துக் காட்டுகிறது, சாப்பாட்டிலாவது நல்ல பேர் வாங்கலாம் என்று இறங்கிவிட்டார். ஆப் அவருக்குப் போட்ட பட்ஜெட் ஒரு நாளைக்கு 1,300 கலோரி. காலையில் நாலு இட்லி, ராத்திரி மூணு சப்பாத்தி என்று போட்டுப் பார்த்ததில் மதியச் சாப்பாட்டுக்கு இடம் ரொம்பக் குறைச்சல். சரி, வேண்டாம் என்று அதை நிறுத்திவிட்டார். ஆப் பச்சை நிறத்தில் பாராட்டியது. ஒன்பதாவது நாள் நாலு மணிக்குத் தறியில் உட்கார்ந்திருந்தவருக்குக் குப்பென்று வேர்த்து, கை நடுங்கி, கண் இருட்டியது. அண்ணி ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்ததால் பிழைத்தார்.

காரணம் பெரிய மர்மம் இல்லை. சர்க்கரை மாத்திரைகளில் சில ரகங்கள், நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லும். கிளிமிபிரைடு அந்த ரகம். அண்ணன் காலையில் போடுவதும் அதுதான். அதைப் போட்டுக்கொண்டு மதியம் பட்டினி கிடந்தால் சர்க்கரை தரைதட்டும். என்ன மாத்திரை என்று ஆப் கேட்கவில்லை. கேட்காததை அவரும் சொல்லவில்லை.

நான் படித்தது பி.காம். எந்த எழவையும் கணக்குப் புஸ்தகமாகப் பார்க்கிற வியாதி எனக்கு உண்டு. முதல் வருஷத்தில் ஒரு பாடம் வரும். டிரயல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டதால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. ஒரு பில்லை எழுதவே மறந்துவிட்டால் இரண்டு பக்கமும் அழகாகச் சமமாகத்தான் வரும். விட்டுப்போன பிழை என்பார்கள். ஆப்பின் கணக்கு அப்படி டேலி ஆன கணக்கு. வரவில் தறி இல்லை, செலவில் மாத்திரை இல்லை.

எழுதிய எண்களாவது சரியா? எங்கள் ஊர் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியை எடுத்துக்கொள்வோம். மூங்கில் குடலையில் மந்தாரை இலையைச் சுற்றி, மிளகு, சீரகம், சுக்கு தட்டிப்போட்டு, நெய் விட்டு மணிக்கணக்காக ஆவியில் வேகவைப்பது. உலக்கை மாதிரி நீளமாக வருவதை வெட்டித்தான் கொடுப்பார்கள். ஆப்பில் 'காஞ்சிபுரம் இட்லி' என்று தேடினேன். மூன்று எண்கள் வந்தன. மூன்றும் வேறு வேறு. எது குடலை இட்லி, எது ஓட்டலில் மிளகு தூவிக் கொடுப்பது என்று சொல்ல ஆளில்லை. நெய் ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரி. ஒரு ஸ்பூன் கூடக்குறைய விழுந்தாலே நாற்பத்தைந்து போச்சு.

அந்த 'ஒன்பது'கூட அமெரிக்கர் ஆட்வாட்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சோதனை செய்து வகுத்த சராசரிதான். மாவுச்சத்துக்கு நாலு, புரதத்துக்கு நாலு, கொழுப்புக்கு ஒன்பது. காஸ்ட் அக்கவுண்டன்சியில் ஸ்டாண்டர்டு காஸ்ட் என்பார்களே, அது. வேலைக்கு உதவும், ஆனால் அசல் செலவு இல்லை. நம் உணவுகளுக்கு நம்மவர்கள் உருப்படியாகவே வேலை செய்திருக்கிறார்கள். 1918-ல் குன்னூரில் ஒரு சின்ன ஆராய்ச்சிக் கூடமாகத் தொடங்கியதுதான் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய் பின்னால் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக ஆனது. அவர்கள் 2017-ல் வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுப் பொருட்கள் இருக்கின்றன. ஆனால் அரிசி, உளுந்து, மிளகு என்று பெரும்பாலும் சமைக்காத பொருள். அதைக் கலந்து, அரைத்து, புளிக்கவைத்து உங்கள் வீட்டில் எத்தனை கரண்டி ஊற்றினீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

சரி, பத்தாயிரம் அடி? அது டாக்டர்கள் கூடி முடிவு செய்தது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். 1965-ல், டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டில், ஒரு ஜப்பானியக் கம்பெனி இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவியை விற்க வைத்த பேர் 'மான்போகெய்', அதாவது பத்தாயிரம் அடி மீட்டர். விளம்பரப் பெயர் வேதவாக்காகிவிட்டது. 2019-ல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர் வயதான பெண்கள் பதினாறாயிரத்துச் சொச்சம் பேரை ஆராய்ந்தார்கள். நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே மரணம் கணிசமாகக் குறைவு. 7,500-க்கு மேல் போனால் கூடுதல் பலன் தெரியவில்லை.

இவ்வளவும் சொன்னதால் ஆப்பைத் தூக்கிக் கிணற்றில் போடுங்கள் என்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அண்ணனிடமும் சொன்னேன்: போன் திட்டியது பாதி சரி. தறி உழைப்புதான், சந்தேகமில்லை. ஆனால் நாள் பூராவும் ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்கிற உழைப்பு. முதுகு போகும், இதயத்துக்கு அது நடையாகாது. வாரத்துக்கு 150 நிமிஷமாவது மூச்சு கொஞ்சம் வாங்குகிற மாதிரி உடம்பை அசையுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது நெசவாளருக்கும் சேர்த்துத்தான். 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் பத்துக் கோடிக்கு மேல் என்கிறது. அலட்சியம் செய்கிற விஷயமில்லை.

எனக்கு ஆச்சரியம் தந்தது வேறொன்று. 2016-ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் நடத்திய சோதனை. ஏறக்குறைய 470 இளைஞர்கள், எல்லோரும் உடம்பைக் குறைக்க வந்தவர்கள். ஆறு மாசத்துக்குப் பின் ஒரு பாதிக்கு எல்லாவற்றையும் தானே அளக்கும் பட்டையைக் கையில் கட்டிவிட்டார்கள். மறுபாதி என்ன சாப்பிட்டோம், எவ்வளவு நடந்தோம் என்று இணையதளத்தில் தாங்களே எழுத வேண்டும். இரண்டு வருஷ முடிவில் பட்டை கட்டியவர்கள் குறைத்தது சராசரியாக 3.5 கிலோ. எழுதியவர்கள் 5.9 கிலோ! அதற்கும் முன்னால், 2008-ல் சுமார் 1,700 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்விலும் இதே கதை. வாரத்தில் ஆறு நாள் உணவுக் குறிப்பு எழுதியவர்கள், எழுதாதவர்களைப்போல இரண்டு மடங்கு எடை குறைத்தார்கள்.

குறுக்கே ஒரு வடையை எடுக்கப்போகிற கை, இதையும் எழுத வேண்டுமே என்று ஒரு நிமிஷம் தயங்கும் பாருங்கள், வேலை செய்வது அதுதான் என்று நினைக்கிறேன். பட்டை தானே அளந்துகொள்ளும்போது அந்தத் தயக்கத்துக்கு இடமே இல்லை. கடையில் கம்ப்யூட்டர் பில் வந்தபிறகு கல்லாவில் இருப்பவருக்குச் சரக்கு ஞாபகம் போன மாதிரி.

அண்ணி இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டிருக்கிறார். இட்லி 3, சோறு ஒரு கிண்ணம், மாத்திரை காலை, வாரத்தில் இரண்டு நாள் குளுக்கோமீட்டர் எண். கலோரி என்ற காலமே கிடையாது. மாசாமாசம் பையன் அந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறான். டாக்டரிடம் அதைக் காட்டியபோது மாத்திரையின் அளவை மாற்றி எழுதிக் கொடுத்தார். மதியச் சாப்பாடு திரும்பி வந்துவிட்டது, கொஞ்சம் அளவு குறைந்து.

தறியை விட்டு ஏறியதும் அண்ணன் ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போகிறார். எங்கள் ஊரில் குழி, மாடு, ஷேர் ஆட்டோ தொந்தரவில்லாமல் வீசி நடக்கக்கூடிய இடம் அந்தப் பிரகாரம்தான். நாலு சுற்று. 2022 டிசம்பரில் மதுரைக் கிளை நீதிமன்றம் கோயிலுக்குள் செல்போன் கூடாதென்று உத்தரவு போட்டதிலிருந்து போனை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் கிளம்புவார்.

போன வாரம் ராத்திரி பையன் ஒரகடத்திலிருந்து கூப்பிட்டான். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

"அப்பா, இன்னிக்கு ஆப்ல 600 அடிதான் காட்டுது. நடக்கலியா?"

"போன் வீட்ல கெடந்துச்சுடா. நான் போயிட்டு வந்துட்டேன்."