லாகூர் அங்கீகாரமும் அதன் விலையும்

1974 பிப்ரவரியில் லாகூரில் கூடிய இரண்டாவது இஸ்லாமிய உச்சி மாநாட்டை முஸ்லிம் ஒற்றுமையின் சிகரமாகப் போற்றுவோர் நம்மிடையே உளர். மாநாடு தொடங்கிய பிப்ரவரி 22 அன்று பாகிஸ்தான் வங்கதேசத்தை அங்கீகரித்தது. மறுநாள் ஷேக் முஜிபுர் ரஹ்மான் லாகூர் வந்து சேர்ந்தார். பிரிந்த சகோதரர் தழுவிக்கொண்ட அக்காட்சியின் பெருமையைக் குறைத்துரைப்பது நம் நோக்கமன்று. ஆயினும் அந்த அங்கீகாரம் எதற்கு ஈடாக வந்தது என்று கேட்காமல் அதைப் போற்றுவது முழுமையான மதிப்பீடு ஆகாது.

1971 டிசம்பரில் வங்கதேசம் விடுதலை பெற்றதுமே அரசுகள்மீதான நெருக்குதல் தொடங்கிற்று. அங்கீகரித்த நாடுகள் சிலவற்றோடு பாகிஸ்தான் உறவை முறித்தது. 1972 ஜனவரியில் காமன்வெல்த்திலிருந்தே விலகிற்று. இந்தோனேசியாவும் மலேசியாவும் 1972 பிப்ரவரியிலேயே அங்கீகரிக்க, அரபு நாடுகளுள் ஈராக் முந்திக்கொண்டது; ஏனையவற்றுள் பல தயங்கி நின்றன. 1972 ஆகஸ்ட் 25 அன்று, வங்கதேசம் ஐ.நா.வில் சேர்வதைச் சீனா தன் தடையதிகாரத்தால் தடுத்தது.

சிக்கலின் முடிச்சு போர்க்கைதிகளிடம் இருந்தது. இந்தியாவின் பிடியிலிருந்த சுமார் 93,000 பேருள் 195 பேரைப் போர்க்குற்றங்களுக்காக விசாரிக்க டாக்கா உறுதிபூண்டு, 1973 ஜூலையில் அதற்கெனச் சட்டமும் இயற்றியது. அவ்வாறு விசாரித்தால் பாகிஸ்தானில் சிக்கியிருந்த வங்காளிகளைத் தாமும் விசாரிக்கப்போவதாகப் புட்டோ எச்சரித்தார். அங்கீகாரமின்றி மாநாட்டுக்கு வர இயலாது என்றார் முஜிப். முஸ்லிம் நாடுகளின் தூதுக்குழு டாக்காவுக்குப் பறந்தது. அங்கீகாரம் கிடைத்தது. ஏழு வாரங்களுக்குள், 1974 ஏப்ரல் 9 அன்று டெல்லியில் கையெழுத்தான முத்தரப்பு உடன்பாட்டில், 195 பேர் மீதான விசாரணை கருணையின் பேரால் கைவிடப்பட்டது. குற்றங்கள் நிகழ்ந்திருக்கக்கூடுமாயின் அவற்றுக்கு வருந்துவதாகப் பாகிஸ்தான் அதில் கூறிற்று. அந்த 'ஆயின்' எனும் சொல்லில்தான் நம் மனம் தடைப்படுகிறது.

புட்டோவின் பிடிவாதத்தைத் தளர்த்தி, அவர் தம் நாட்டு மக்களிடம் சொல்லத்தக்க நியாயமொன்றையும் தந்தது முஸ்லிம் அரசுகளின் தூது. அது நற்பணியே. ஆனால் இறந்தோர் சார்பில் அத்தூதில் பேசியவர் யார்? நம்பிக்கையாளரின் இரு பிரிவாரிடையே சமாதானம் செய்வோர் அதை நீதியோடு செய்ய வேண்டுமெனக் குர்ஆன் (49:9) பணிக்கிறது. சமாதானத்தை நினைவுகூர்ந்த அரசுகள் நீதியை மறந்தன. ஒரு மக்களின் உரிமையாக இருக்கவேண்டிய அங்கீகாரம் பேரம்பேசும் பொருளாகிவிட்டது.

லாகூருக்குப் பின்னும் சவூதி அரேபியா காத்திருந்தது. 1975 ஆகஸ்ட் 15 அன்று முஜிப் படுகொலையுண்டார். அடுத்த நாளே அதன் அங்கீகாரம் வந்தது. அம்மாத இறுதியில் சீனாவும் அங்கீகரித்தது. 1974இல் கைவிடப்பட்ட நீதியோ 2010இல் டாக்காவில் அமைந்த தீர்ப்பாயத்தின் வடிவில் திரும்பி வந்தது. அதன் முன் நின்றவர்கள் அந்த 195 பேர் அல்லர், உள்நாட்டினரே. அதன் நடைமுறையும் உலகெங்கும் கடும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று.

லாகூரை ஒற்றுமையின் சான்றாக நாம் இனியும் எழுதலாம். அதே பக்கத்தில் அந்த 195 எனும் எண்ணையும் எழுத வேண்டும்.