'நறுமணமும்' 'பல்லினமும்': வளையச் சேர்மக் கலைச்சொற்கள் குறித்து ஒரு மதிப்பீடு

கரிம வேதியியலில் வழங்கும் கலைச்சொற்களுள் 'வளையச் சேர்மம்' குறையற்றது. 'வளை' என்னும் வினையடியே பொருளைப் புலப்படுத்திவிடுகிறது. 'நறுமணச் சேர்மம்' அத்தகையதன்று. 1855-இல் ஹாஃப்மன் இதன் மூலச்சொல்லை ஆண்டபோது பென்சீனின் வளைய அமைப்பே அறியப்படவில்லை. அதனைக் கெக்குலே முன்மொழிந்தது 1865-இல். ஹக்கலின் 1931ஆம் ஆண்டு ஆய்வுக்குப் பின்னரோ, தள வடிவ வளையத்தில் 2, 6, 10 எனச் செல்லும் பை எலக்ட்ரான் எண்ணிக்கையே இவ்வினத்தின் இலக்கணமாயிற்று. மணத்திற்கு இங்கு இடமில்லை. பிரிடினின் தீநாற்றத்தை நுகர்ந்த மாணவர்க்கு அதனை நறுமணச் சேர்மம் எனக் கற்பித்தல் நகைப்பிற்கே இடமாகும். மூலச்சொல்லும் மணத்தைத்தானே சுட்டுகிறது என்பர் சிலர். மூலத்தின் வரலாற்றுப் பிழையைப் பெயர்ப்பும் சுமக்க வேண்டுவதில்லை. 'அரோமேட்டிக்' என்னும் ஒலிபெயர்ப்பு பொருளுணர்த்தாது, எனினும் பொய்யுரைக்காது.

'பல்லின வளையம்' என்பதும் ஆராயத்தக்கது. பிரிடின் வளையத்தில் 5 கார்பன் அணுக்களும் 1 நைட்ரஜன் அணுவும் உள்ளன, இனம் இரண்டே. 'பல்' என்னும் அடை ஈண்டு மிகை. மூலச்சொல்லின் முன்னொட்டு 'வேறு' எனப் பொருள்படுவதால், 'வேற்றணு வளையம்' எனல் பொருந்தும். 'வளையஹெக்சேன்' போன்ற கலப்புச் சொற்களில் இத்தகைய இடர்ப்பாடு எழுவதில்லை.